ஒரு பாடவேளைக்கு ஒரு படம்: வகுப்பில் டிஜிட்டல் படங்களைப் பாடமாக்கும் வழி

யாழ்ப்பாணத்தில் இப்போது பல பாடசாலைகளில் ஸ்மார்ட் போர்டோ புரொஜெக்டரோ பெரிய ரீவியோ ஏதாவது ஒன்று இருக்கிறது. அதுகூட இல்லாத இடத்தில் ஆசிரியரின் கையில் ஒரு நல்ல போன் இருக்கிறது. அதாவது, படம் காட்டுவதற்கு வழி இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் வகுப்பில் நடப்பது என்னவென்றால், ஆசிரியர் ஒரு கட்டு ஸ்லைட் கொண்டுவருகிறார், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு படம் ஒட்டியிருக்கிறது, பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது, பக்கத்தில் இருக்கும் எழுத்தைக் கொப்பியில் இறக்குவதிலேயே மணி அடித்துவிடுகிறது. படம் அங்கே வெறும் அலங்காரம்.

நான் சொல்லப் போவது இதற்கு நேர்மாறான முறை. ஒரு படத்தை எடுங்கள். அதையே பாடமாக்குங்கள். நீங்கள் வாய் திறப்பதற்கு முன் பிள்ளைகளைப் பார்க்க விடுங்கள். புவியியலுக்கும் வரலாற்றுக்கும் மட்டும்தான் இது சரிவரும் என்று நினைக்க வேண்டாம், விஞ்ஞானம், கணிதம், தமிழ், இரண்டாம் மொழி எல்லாவற்றிலும் செய்யலாம்.

முதல் ஒரு நிமிடம்

ஆனையிறவு உப்பளத்தை மேலிருந்து காட்டும் செய்மதிப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரம் 8 அல்லது 9 வகுப்பு. தலைப்பு எழுதக் கூடாது, எந்த இடம் என்று சொல்லக் கூடாது, படத்தில் இடப்பெயர் இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். படத்தைப் போட்டுவிட்டு, "பிள்ளையள், ஒரு நிமிசத்துக்கு ஒருத்தரும் கதைக்கக்கூடாது, வடிவாப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு நீங்களும் பேசாமல் நில்லுங்கள். ஆசிரியருக்குத்தான் இந்த ஒரு நிமிடம் கஷ்டம். ஏதாவது சொல்ல வேண்டும்போல இருக்கும். சொல்லாதீர்கள்.

பிறகு கேளுங்கள்: "என்ன தெரியுது?"

ஒரு பிள்ளை வயல் என்று சொல்லும். இன்னொன்று தோட்டம் என்னும், பின்வாங்கிலிருந்து ஒருவன் இறால் பண்ணை என்பான். சரி என்றும் சொல்ல வேண்டாம், பிழை என்றும் சொல்ல வேண்டாம். "எதைப் பார்த்து வயல் எண்டு சொல்லுறீர்?" என்று மட்டும் கேளுங்கள். "சதுரஞ் சதுரமா வரம்பு கட்டியிருக்கு சேர்" என்று பதில் வரும். அந்த வரம்பை நீங்கள் திரையில் தொட்டுக் காட்டி, பிள்ளை சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள், எல்லோரும் அதே இடத்தைப் பார்க்கட்டும். உடனே வேறு யாராவது கேட்பார்கள், வயல் என்றால் ஏன் பச்சையாய் இல்லை, ஏன் ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு நிறம் என்று. பாடம் அந்த இடத்தில் தொடங்குகிறது, தொடக்கி வைத்தது நீங்கள் அல்ல.

இனி நீங்கள் பேசலாம். ஆழங்குறைந்த கடல்நீரேரி, நீண்ட வறண்ட மாதங்கள், சுட்டெரிக்கும் வெயில், காற்று. நீர் ஆவியாக ஆவியாக உப்பின் செறிவு ஏறுகிறது, செறிவு மாற மாற அந்த நீரில் வாழும் நுண்ணுயிர்களும் மாறுகின்றன, நிறமும் மாறுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும்போது ஏன் உப்பு விளைச்சல் இல்லை என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். புத்தகத்தில் தனித்தனியாகக் கிடந்த ஆவியாதல், காலநிலை, கைத்தொழில் மூன்றும் ஒரே படத்துக்குள் வந்துவிடுகின்றன.

மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: "வேற என்ன தெரியுது?" அதைப் பேச்சு அடங்கும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளும் நான் கண்டுபிடித்தவை அல்ல. உளவியலாளர் அபிகெயில் ஹவுசன், நூதனசாலைக் கல்வியாளர் பிலிப் யெனவைன் என்ற இருவர் ஓவியம் பார்க்கப் பழக்குவதற்காக அமெரிக்காவில் உருவாக்கிய முறையின் அடிப்படை இது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் புரொஜெக்ட் சீரோ ஆய்வுக்குழு இதைப் போன்ற இன்னொரு வழியைத் தருகிறது: கண்ணுக்குத் தெரிவது என்ன, அதைப் பற்றி என்ன நினைக்கிறாய், இன்னும் எதை அறிய ஆசை. கொப்பியில் மூன்று நிரல் கீறி இதை எழுத வைத்தால், வாய் திறக்காத பிள்ளைகளும் உள்ளே வந்துவிடுவார்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் பார்ப்பதற்கும் பேசுவதற்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடம், உங்கள் விளக்கத்துக்கு ஒரு கால் மணி நேரம், மிச்சம் எழுதுவதற்கு. இது பாடத்திட்டத்தை முடிக்க விடாது என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவத்தில், பிள்ளை தானே கண்டுபிடித்ததைத் திரும்பப் படிப்பிக்க வேண்டி வருவதில்லை, அந்த நேரம் பிறகு மிஞ்சுகிறது.

எந்தப் படம் உதவும், எது உதவாது

அழகான படம் வேறு, பாடத்துக்கு உதவும் படம் வேறு. நல்லூர்க் கோபுரத்தின் சூரிய உதயப் படம் கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆனால் அதைப் பார்த்த பிள்ளைக்குக் கேட்க ஒன்றும் இருக்காது. உள்ளே ஒரு கேள்வி ஒளிந்திருக்கும் படத்தைத் தேடுங்கள். ஏதோ பொருந்தாமல் இருக்க வேண்டும், அல்லது ஒரு பகுதி தெரிந்தும் ஒரு பகுதி தெரியாமலும் இருக்க வேண்டும்.

நெடுந்தீவின் மதில்கள் நல்ல எடுத்துக்காட்டு. மதிலின் ஒரு கல்லை மட்டும் மிகக் கிட்டவாகக் காட்டுங்கள். எலும்பு, மூளை, காய்ந்த பாகற்காய் என்று பிள்ளைகள் சொல்லும் எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள். அடுத்து, அதே படத்தின் பெரிய துண்டு: கல்லின் மேல் கல் அடுக்கியிருக்கிறது. அடுத்து முழுப் படம்: ஒழுங்கையின் இரு பக்கமும் நீளும் முருகைக்கல் மதில். கடலுக்கு அடியில் உயிரினங்கள் கட்டிய கல் எப்படி வீட்டு எல்லைக்கு வந்தது, சுற்றிவர வேறு என்ன கட்டடப்பொருள் கிடைத்தது, இப்போது முருகைக்கல் அகழ்வது ஏன் கூடாது என்று விஞ்ஞானமும் சமூகமும் ஒன்றாய்ப் போகும். இதற்கு வேண்டியது ஒரே ஒரு படம்தான், போனிலேயே மூன்று துண்டாக வெட்டிக்கொள்ளலாம்.

கணித ஆசிரியர்களுக்கு யாழ்ப்பாணக் கோட்டையைவிடச் சிறந்த படம் கிடைக்காது. கூகிள் ஏர்த்தில் நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள், வடக்கு மேலே இருக்கட்டும், அளவுகோடும் படத்துக்குள் விழட்டும். அச்செடுத்துக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, ஐந்து மூலைகளையும் இணைத்து ஐங்கோணி கீறச் சொல்லுங்கள். பாகைமானி வைத்து அளந்தால் ஒரு கோணம் 107 வரும், ஒன்று 110 வரும். ஒழுங்கான ஐங்கோணியின் அகக்கோணம் 108 பாகை. வித்தியாசம் எங்கிருந்து வந்தது, கட்டியவர்களின் பிழையா, படம் சரிந்ததா, நம் கை நடுங்கியதா? பிறகு ஐந்தையும் கூட்டச் சொல்லுங்கள். தனித்தனிக் கோணங்கள் எப்படி இருந்தாலும் கூட்டுத்தொகை 540க்குக் கிட்ட வந்து நிற்பதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள், பலகையில் சூத்திரம் எழுதிக் காட்டும்போது அந்த முகம் வராது.

அதே படத்தை அடுத்த பாடவேளையில் வரலாற்று ஆசிரியர் எடுத்துக்கொள்ளலாம். போர்த்துக்கேயர் கட்டியது நாற்பக்கக் கோட்டை. 1658இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர்தான் ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டினார்கள். ஏன் ஐங்கோணம், ஏன் ஒவ்வொரு மூலையிலும் அம்புமுனைபோல வெளியே நீட்டிய கொத்தளம்? ஒரு கொத்தளத்திலிருந்து பார்த்தால் எந்தச் சுவர் தெரியும் என்று அடிமட்டத்தால் கோடு கீறச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் எதிரி வந்தாலும் பீரங்கிக்கு மறைந்து நிற்க ஒரு மூலையும் இல்லை என்று கோடுகளே காட்டிவிடும். கோட்டைக்குள் 1706இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் போரில் அழிந்துபோனது. அழிவதற்கு முந்திய படம் ஒன்றையும் இன்றைய இடிபாட்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கட்டடம் எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பதே ஒரு முழு வேலை.

விஞ்ஞானத்துக்கு வெளியே போகவே தேவையில்லை. பாடசாலை வளவில் கிடைக்கும் வாழையிலையையும் மாவிலையையும் யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படம், சமாந்தர நரம்பமைப்பையும் வலையுரு நரம்பமைப்பையும் புத்தகத்துக் கோட்டுப் படத்தைவிடத் தெளிவாகக் காட்டும். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து எடுங்கள், இல்லாவிட்டால் பெரிதாக்கிய பிறகு எது எவ்வளவு பெரிது என்று ஒருவருக்கும் தெரியாது. நுணுக்குக்காட்டி ஒன்றுதான் இருக்கிறது, வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள் என்றால், கண் வைக்கும் இடத்தில் போனின் கமராவை மெதுவாகப் பொருத்திப் படம் எடுத்து ரீவியில் போடுங்கள். இலையின் நுண்துளையான இலைவாயை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், வரிசையில் நின்று தள்ளுப்பட வேண்டியதில்லை.

டெங்குக் காலத்தில் நுளம்புப் படம் ஒன்று கட்டாயம் வேண்டும். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் வகை நுளம்புகள் இரண்டும் இங்கே இருக்கின்றன: ஈடிஸ் அல்போபிக்டஸின் முதுகில் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு, ஈடிஸ் எஜிப்தியின் முதுகில் இரு பக்கமும் வளைந்த வெள்ளைக் கோடுகளும் நடுவில் மெல்லிய கோடுகளும். இரண்டு படங்களையும் பெயரில்லாமல் கொடுத்து வித்தியாசம் தேடச் சொல்லுங்கள். தண்ணீரில் வளரும் நுளம்புப் புழுக்களான குடம்பிகளையும் அப்படியே ஒப்பிடலாம்: ஈடிஸ் நீர்மட்டத்திலிருந்து தலைகீழாய்ச் சரிந்து தொங்கும், மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடையாகக் கிடக்கும். இதைப் பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போய் பூச்சாடித் தட்டையும் தண்ணித் தொட்டியையும் எட்டிப் பார்க்காமல் இருக்காது.

படங்களை எங்கே எடுப்பது

கூகிளில் தேடி முதலில் வருவதை இறக்குவதுதான் வழமை, அதுதான் மிக மோசமான வழி. சின்ன அளவு, மேலே யாரோ ஒருவரின் முத்திரை, இடமும் காலமும் தெரியாது. விக்கிமீடியா கொமன்ஸில் தேடுங்கள். யார் எடுத்தது, எப்போது, எங்கே, எந்த உரிமத்தில் பாவிக்கலாம் என்று ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதியிருக்கும், முழு அளவிலும் இறக்கலாம். விண்வெளி, புயல், பூமி பற்றியவற்றுக்கு நாசாவின் படங்கள் பொதுவாகக் காப்புரிமை இல்லாதவை. எங்கள் பழைய பத்திரிகைகள், சஞ்சிகைகள், நூல்களின் பக்கங்கள் வேண்டுமென்றால் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது, ஒரு பழைய பத்திரிகையின் விளம்பரப் பக்கம்கூட அன்றைய வாழ்க்கையைப் பற்றி அரை மணி நேரம் பேச வைக்கும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தையும் ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.

காப்புரிமை பற்றிப் பயப்படுபவர்களுக்கு: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், வகுப்பறைக்குப் பிரதி எடுப்பது உட்பட, கற்பித்தலுக்காக நியாயமான அளவில் பாவிப்பதை அனுமதிக்கிறது. வகுப்புக்குள் காட்டுவது ஒன்று, அதே படத்தை பேஸ்புக்கிலோ யூடியூபிலோ ஏற்றுவது வேறொன்று. எங்கே காட்டினாலும் எடுத்தவரின் பெயரைப் படத்தின் கீழே சின்னதாக எழுதுங்கள், பிள்ளைகள் அதைப் பார்த்தே பழகட்டும்.

வெளிச்சம், அளவு, கரண்ட்

எங்கள் வகுப்பறைகளில் பாதி அரைச்சுவர் வைத்தவை. பகல் பத்து மணிக்குப் புரொஜெக்டர் போட்டால் சுவரில் ஒரு சாம்பல் நிழல்தான் விழும். அறையை இருட்டாக்க முடியாவிட்டால் புரொஜெக்டரை விட்டுவிடுங்கள், ரீவியைத் தேடுங்கள், அதுவும் யன்னலுக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். இரவில் எடுத்த படங்கள், நிழல் நிறைந்த படங்கள் இப்படியான அறையில் எடுபடாது. முதல் நாள் பின்னேரம் வெறும் வகுப்பில் ஒருதரம் போட்டு, கடைசி வாங்கில் போய் இருந்து பாருங்கள். உங்களுக்கே தெரியாத ஒன்று பிள்ளைக்குத் தெரியப் போவதில்லை.

போன் படம் பெரும்பாலும் 4000க்கு 3000 பிக்சல் அளவில் இருக்கும். ரீவியோ புரொஜெக்டரோ பொதுவாக 1920க்கு 1080தான் காட்டும், பழைய புரொஜெக்டர் 1024க்கு 768. அதனால் முழுதாக மட்டும் காட்டப் போகிற படத்தைச் சிறிதாக்கலாம். கிட்டப் போய்ப் பெரிதாக்கிக் காட்டப் போகிறீர்கள் என்றால் மூலப்படத்தையே வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுங்கித்தான் வரும், டொக்கியுமென்ட் என்று போட்டு அனுப்புங்கள். கோட்டுப் படம், வரைபடம் என்றால் பி.என்.ஜி. கோப்பு, போட்டோ என்றால் ஜேபெக் கோப்பு. இணையத்தை நம்பி வகுப்புக்குப் போக வேண்டாம், எல்லாவற்றையும் முதலே இறக்கிப் பென்ட்ரைவில் ஒரு பிரதி, லப்டொப்பில் ஒரு பிரதி. கரண்ட் போனாலும் பாடம் நிற்காமல் இருக்க, ஏ4 தாளில் ஓர் அச்சுப் பிரதியும் பையில் இருக்கட்டும். கறுப்பு வெள்ளையில் போட்டோகொப்பி எடுப்பதென்றால் முதலில் போனிலேயே நிறத்தை நீக்கிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும் படங்கள் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம், பெரும்பாலும் பையன்கள், அவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். "சிவப்பு இடத்தைப் பாருங்கோ" என்று மட்டும் சொல்லாமல், மேலே, வலப்பக்கம், வட்டமானது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு போன்தான் இருக்கிறதா? மாணவர் போன் கொண்டுவர அனுமதியில்லாத இடத்தில் ஆசிரியரின் ஒரு போனை அல்லது ரப்லெட்டை வைத்தே நல்ல பாடம் செய்யலாம். ஒரு பிள்ளை முன்னால் வந்து கதிரையில் இருந்து, படத்தைத் தான் மட்டும் பார்த்து, வகுப்புக்கு வாயால் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் கீற வேண்டும். கையால் காட்டக் கூடாது. பருத்தித்துறைக் கடற்கரையில் இழுத்து வைத்த வள்ளங்கள் என்று ஒரு படம் கொடுத்தால், "வள்ளம் இருக்கு" என்று தொடங்கிய பிள்ளை, யாரும் சரியாகக் கீறவில்லை என்று கண்டதும், "இடப்பக்கக் கீழ் மூலையில் மூக்கு கடலைப் பார்த்தபடி ஒரு நீல வள்ளம், அதுக்குப் பின்னால் பாதி மறைஞ்சு இன்னொன்று" என்று சொல்லத் தொடங்கும். தமிழ்ப் பாடத்தில் விவரணம் எழுதப் பழக்க இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியாது. இதையே ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் செய்யலாம்; பக்கம், நிறம், எண், இடம் சொல்லும் சொற்கள் எல்லாம் தேவை வந்ததாலேயே வாயில் வந்துவிடும்.

பொய்ப் படங்கள்

மழைக்காலம் வந்தால் வட்ஸ்அப் குழுக்களில் வெள்ளப் படங்களும் வந்துவிடும், அதில் பழையவையும் வேறு நாட்டுப் படங்களும் கலந்திருக்கும். அப்படி ஒரு படத்தையே வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். இது யாழ்ப்பாணமா என்று மட்டும் கேளுங்கள். ஓட்டோ மஞ்சளா, அல்லது இங்கே ஓடுவதுபோலச் சிவப்பு, நீலம், பச்சையா? கடைப் பலகையில் சிங்களமும் இருக்கிறதா, தமிழும் ஆங்கிலமும் மட்டுமா? பழைய வாகனங்களின் இலக்கத் தகட்டில் வட மாகாணத்தைக் குறிக்கும் என்.பி. என்ற எழுத்துகள் தெரிகிறதா? பஸ் என்ன நிறம்? ஐந்து நிமிடத்தில் துப்பறிந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கூகிள் லென்ஸில் அதே படத்தைப் போட்டு, இதற்கு முன் எப்போது எங்கே வெளியாகியிருக்கிறது என்று காட்டுங்கள். வரிசை முக்கியம், முதலில் கண், பிறகுதான் கருவி.

செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்கள் இன்னொரு தலையிடி. இதயத்தின் படம் வரையச் சொன்னால் பளபளப்பாக ஒன்று வரும், குழாய்கள் பிழையான அறைக்குள் போகும், பெயர்கள் இடம் மாறியிருக்கும். உடலமைப்பு, வரைபடம், வரலாறு இந்த மூன்றுக்கும் அதைப் பாவிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. சங்கிலி மன்னன் என்று முகநூலில் சுற்றும் படங்களைப் பாருங்கள், பிள்ளைகள் அது உண்மையான முகம் என்றே நம்புகிறார்கள். 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண அரசின் மன்னன் அவன், அவனைப் பார்த்து வரைந்த படம் ஒன்றும் எங்கள் கையில் இல்லை. நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரைமேல் இருக்கும் அவன் சிலையும் பிற்காலத்தவரின் கற்பனைதான். அதைச் சொல்வதால் அந்தச் சிலைக்கு ஒரு குறையும் வராது. எது சான்று, எது கற்பனை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு வரலாறு கையில் வந்துவிட்டது.

நோகும் படங்கள்

இங்கே படிப்பிக்கிறவர்கள் இதைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகத்தின் படத்தை வகுப்பில் காட்டலாமா? காட்டலாம், காட்ட வேண்டும். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன என்று வாசிப்பதற்கும், கூரையில்லாமல் நிற்கும் அந்தக் கட்டடத்தைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தைத் தனியாகப் போட்டுவிட்டு விடாதீர்கள். 1959இல் திறக்கப்பட்டபோது இருந்த நூலகம், எரிந்த நூலகம், இன்றைக்குப் பிள்ளைகள் போய் இருந்து படிக்கும் நூலகம், மூன்றையும் வரிசையாக வைத்து, குவிமாடம், யன்னல், படிகள் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடச் செய்யுங்கள். எது திரும்பக் கட்டப்பட்டது, எது திரும்ப வரவே முடியாதது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

இறந்தவர்களின் உடல் தெரியும் படங்களை வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. போர் பற்றிய எந்தப் படமானாலும் முதல் நாளே சொல்லுங்கள், பார்க்க விரும்பாத பிள்ளை வேறு வேலை செய்ய வழி வையுங்கள். "உங்கட வீட்டில என்ன நடந்தது" என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பி விட்டுக் கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள். கூகிள் ஏர்த்தில் பழைய காலப் படங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது. போரால் சனம் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கில் ஓர் இடத்தை எடுத்து வருடம் வருடமாக நகர்த்தினால் வளவுகள் பற்றையாகிப் போவதும், சில இடங்களில் திரும்பக் கூரை முளைப்பதும் தெரியும். நிலப்பயன்பாடு படிப்பிக்க அருமையான சான்று. ஆனால் அந்தக் கூரைகளில் ஒன்று முன்வாங்கில் இருக்கும் பிள்ளையின் அம்மம்மா வீடாக இருக்கலாம், அந்த நினைவோடு படிப்பியுங்கள்.

பிள்ளைகளே படம் எடுக்கட்டும்

பார்க்கப் பழகிய வகுப்பு எடுக்கவும் பழக வேண்டும். வீட்டில் பெற்றோரின் போனில், சனி ஞாயிறில். தலைப்பு இறுக்கமாக இருக்க வேண்டும்: "எங்கள் ஊர்" என்று கொடுத்தால் பூவும் நாய்க்குட்டியும்தான் வரும். "உங்கள் ஊரில் மழைத்தண்ணீர் எங்கே விழுந்து எங்கே போகிறது, ஐந்து படத்தில் காட்டு" என்று கொடுங்கள். வருடம் முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் குடாநாட்டில் இல்லை, மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கியாறுதான் இருக்கிறது. அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது? கூரைப் பீலி, ஒழுங்கை, வாய்க்கால், கேணி, குளம், கிணறு என்று அவர்கள் கொண்டுவரும் படங்களை நிலத்தில் பரப்பி ஒழுங்குபடுத்தினால் சுண்ணாம்புக்கல்லும் நிலத்தடி நீரும் பாடப் புத்தகத்தை விட்டு வெளியே வந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி: ஒரு வரி படத்தில் கண்ணால் கண்டது, இன்னொரு வரி அதைப் பார்த்து ஊகித்தது. எங்கே, எந்தத் திகதி, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்பதும் வேண்டும்.

ஆட்களைப் படம் எடுத்தால் கேட்டு எடுக்க வேண்டும் என்று முதலே சொல்லுங்கள். நீங்களும் அதையே கடைப்பிடியுங்கள். பிள்ளைகளின் முகமும் சீருடைச் சின்னமும் தெரியும் படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் இணையத்தில் போடக் கூடாது. போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் ஒளிந்திருக்கும், கமராவின் அமைப்பில் போய் இடம் பதிவதை நிறுத்திவிடலாம்.

கடைசியாக, வீட்டு அல்பங்கள். அம்மம்மாவின் கலியாணப் படம், பழைய கடைத்தெரு, விற்றுவிட்ட சோமர்செற் கார், இடம்பெயர்வுக்கு முந்திய வீடு. இருக்கிறவர்கள் வீட்டில் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது, அதனால் மூலப்படத்தை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், வீட்டிலேயே போனில் எடுத்துக்கொண்டு வரட்டும். நேர் வெயில் படாத யன்னல் ஓரம், மேசையில் கிடையாக வைத்து, போனும் படத்துக்கு நேராக, பிளாஷ் அணைத்து. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தால் பக்கத்தில் கறுப்புத் துணி பிடித்தால் பிரதிபலிப்பு குறையும். அல்பத்தில் ஒட்டிப் போன படத்தைப் பிய்க்கக் கூடாது, ஒட்டியபடியே எடுக்கலாம். பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் தனிப் படமாக எடுக்க வேண்டும். எடுத்த பிறகு பெரியவர்களைப் பக்கத்தில் இருத்தி, இடமிருந்து வலமாக ஒவ்வொருவரும் யார், எந்த வருடம், எந்த வளவு என்று கேட்டு எழுத வேண்டும், தெரியாத முகத்துக்கு நேரே கேள்விக்குறி போட்டாலும் போதும். மூலப்படத்தின் பின்பக்கத்தில் பெயர் குறிப்பதென்றால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பேனை மை மறுபக்கம் ஊறிவிடும்.